கையெழுத்தும் குடியுரிமையும்: ஆசிரியரை உருவாக்கிய பயிற்சி முகாம்களின் வரலாறு

ஒரு சமுதாயத்தின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பள்ளிகளைக் கணக்கிடுவர். மாணவர் தொகையைக் கூறுவர். பட்டம் பெற்றோரைப் பட்டியலிடுவர். அம்மாணவர்க்குக் கற்பித்தோர், கற்பிக்கும் முறையை எங்கே, யாரிடம் கற்றனர் என வினவுவோர் மிகச் சிலரே. எனினும் ஒடுக்கப்பட்ட மக்களின் கல்வி முயற்சி எதுவாயினும், அது நிலைபெறுவதும் தளர்வதும் இவ்வினாவிற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அமைகிறது.

எழுதக் கற்பிப்பதில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகப் புலப்படும். எழுத்துகளைப் பார்த்துப் படியெடுக்கப் பழக்குவது எளிது. தன் பெயரை, தன் தேவையை, தன் வழக்கைத் தானே எழுதலாம் என்ற துணிவை, கைநாட்டு வைத்தே பழகிய ஒருவருக்கு ஊட்டுவது எளிதன்று. அதற்கு முதலில் ஆசிரியர் பக்குவப்பட வேண்டும். அவ்வாறு ஆசிரியரைப் பக்குவப்படுத்தும் பணியை ஒரு மக்கள் இயக்கமே மேற்கொண்ட வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் தென் மாநிலங்களில், கறுப்பின மக்களுக்காக 1957 முதல் 1970 வரை நடைபெற்ற குடியுரிமைப் பள்ளிகளும், அப்பள்ளிகளுக்கு ஆசிரியரை உருவாக்கிய பயிற்சி முகாம்களுமே அவ்வரலாறு. நம் சங்கம் வெள்ளி விழாக் கொண்டாடும் இவ்வேளையில் நம் இளைஞர்கள் அதனை அறிந்துகொள்ளுதல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

எழுத்தைத் தடுத்த சட்டங்கள்

தென் கரோலினாவில், ஸ்டோனோ என்னும் ஆற்றின் அருகே 1739-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே, அதாவது 1740-இல், அந்நாட்டுச் சட்டமன்றம் அடிமைகளை அடக்குவதற்கென விரிவான சட்டம் ஒன்றை இயற்றியது. அடிமைக்கு எழுதக் கற்பிப்போர் 100 பவுன் தண்டம் செலுத்த வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. அச்சட்டம் முதலில் தடுத்தது எழுதுவதைத்தான் என்பது ஊன்றிக் கருதத்தக்கது. எழுதத் தெரிந்த அடிமை, தன் ஆண்டை கொடுக்க வேண்டிய பயணச் சீட்டைத் தானே எழுதிக்கொள்ளக்கூடும். தொலைவிலுள்ள தோழனுக்குச் செய்தி அனுப்பக்கூடும். எழுத்தின் ஆற்றலை ஆண்டைகள் நன்கு உணர்ந்திருந்தனர். பின்னர் 1834-இல் படிக்கக் கற்பிப்பதும் அங்கே குற்றமாயிற்று.

உள்நாட்டுப் போரின் முடிவில், 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. 1870-இல் இன வேற்றுமை பாராது வாக்குரிமை வழங்கும் திருத்தம் அரசியல் சட்டத்தில் சேர்ந்தது. ஆனால் வெள்ளையர் ஆதிக்கம் புதிய வழி ஒன்றைக் கண்டது. தென் கரோலினா 1895-இல் இயற்றிக்கொண்ட மாநில அரசியல் சட்டம், வாக்காளராகப் பதிய விரும்புவோர் அச்சட்டத்தின் எப்பிரிவையும் படிக்கவும் எழுதவும் வேண்டும், அன்றி 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி செலுத்தியிருக்க வேண்டும் என்று விதித்தது. மிசிசிப்பி மாநிலமோ இன்னும் ஒருபடி மேலே சென்றது. அங்கே 1950-களின் இடைப்பகுதி முதல், வாக்காளராக விரும்புவோர் பதிவாளர் காட்டும் அரசியல் சட்டப் பிரிவைப் படியெடுப்பதோடு, அதன் பொருளையும் தம் சொற்களில் விளக்கி எழுத வேண்டியிருந்தது. அவ்விளக்கம் சரியா, தவறா என்று தீர்ப்பளிப்பவர் வெள்ளையரான பதிவாளர் ஒருவரே.

ஒரு நூற்றாண்டில் எழுதக் கற்பிப்பதைக் குற்றம் என்றவர்கள், மற்றொரு நூற்றாண்டில் எழுதத் தெரியாமையைக் காட்டி உரிமையை மறுத்தனர். நம் நாட்டு வரலாறு அறிந்தோர்க்கு இவ்வுத்தி புதியதன்று.

ஓர் ஆசிரியையின் நாற்பதாண்டுகள்

இப்பூட்டைத் திறக்க முனைந்தோருள் தலையாயவர் செப்டிமா பாயின்செட் கிளார்க் அம்மையார். இவர் 1898-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை அடிமையாகப் பிறந்தவர். ஏவரி ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் 1916-இல் கல்வியை முடித்தபோது, சார்ல்ஸ்டன் நகரப் பொதுப் பள்ளிகள் கறுப்பின ஆசிரியரை ஏற்கவில்லை. ஆகவே அருகிலிருந்த ஜான்ஸ் தீவுக்குச் சென்று ஆசிரியப் பணியைத் தொடங்கினார். அங்கே 132 மாணவர்க்கு இரண்டே ஆசிரியர். எதிரேயிருந்த வெள்ளையர் பள்ளியிலோ மூன்றே மாணவர். அவர்களுக்கு ஓர் ஆசிரியை. அவ்வாசிரியையின் ஊதியம் கிளார்க் அம்மையாரின் ஊதியத்தினும் இரு மடங்குக்கு மேற்பட்டது.

பகலில் சிறுவர்க்குக் கற்பித்த அம்மையார், எழுத்தறியாத பெரியோர்க்கும் கற்பித்தார். கரும்பலகை இல்லாத இடத்தில் சலவைக் கடைத் தாள் பைகளை விரித்து அவற்றின்மேல் எழுதிக் காட்டுவது அவருடைய வழக்கம். கற்போர் தம்மைச் சூழ்ந்துள்ள மரத்தைப் பற்றியும், வயலைப் பற்றியும், தொழிலைப் பற்றியும் சொல்வார்கள். அவர்கள் சொல்லியதையே எழுதி, அதனையே பாடமாக்குவார். பிற்காலத்தில் அவர் நடத்திய பயிற்சி முகாம்களின் விதை இங்கேதான் விழுந்தது எனலாம்.

சார்ல்ஸ்டன் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியரை அமர்த்தக் கோரி 1919-இல் எழுந்த கையெழுத்து இயக்கத்தில் அவர் பங்குகொண்டார். மறு ஆண்டு அக்கோரிக்கை வென்றது. 1937-இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் அறிஞர் டூ பாய்ஸிடம் பயின்றார். அதே டூ பாய்ஸுக்குத்தான் நம் அண்ணல் அம்பேத்கர் 1946-இல் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவையிடம் கறுப்பின மக்கள் அளித்த முறையீட்டின் படியைக் கேட்டு எழுதிய கடிதம் அது. இரு கண்டங்களின் ஒடுக்கப்பட்ட மக்களிடையே எழுத்தின் வழியாக ஓர் உறவு அன்றே அரும்பியிருந்தது.

1956-இல் தென் கரோலினா அரசு, தன் ஊழியரும் நகராட்சி ஊழியரும் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தில் உறுப்பினராக இருத்தல் கூடாது எனச் சட்டம் செய்தது. உறுப்பினர் என்பதை மறைக்க மறுத்த கிளார்க் அம்மையார், நாற்பதாண்டுப் பணிக்குப் பின் வேலையையும் ஓய்வூதியத்தையும் இழந்தார். உடன் பணியாற்றிய கறுப்பின ஆசிரியர்களுக்கு எதிர்ப்புத் தெரிவிக்குமாறு 726 கடிதங்களில் கையொப்பமிட்டு அனுப்பினார். விடை எழுதியோர் 26 பேர். கண்காணிப்பாளரை நேரில் காண வந்தோர் ஐவரே. இதைப் பற்றி அவர் பிற்காலத்தில் கூறியது நம் சிந்தனைக்குரியது. அவர்களைக் கோழைகள் என்று அவர் பழிக்கவில்லை. ஆயத்தமாகாத மக்களை ஒரு செயலுக்குத் தூண்டிவிட்டோம், முதலில் அவர்களைப் பயிற்றியிருக்க வேண்டும் என்றே கூறினார். அன்று முதல், ஆயத்தப்படுத்துவதே அவருடைய வாழ்க்கைப் பணியாயிற்று.

கடைக்குப் பின்னிருந்த பள்ளி

டென்னசி மாநில மலைப்பகுதியில் 1932-இல் தொடங்கப்பட்ட ஹைலாண்டர் மக்கள் பள்ளி, வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் உண்டு, ஒரே கூடத்தில் கற்கும் இடமாக விளங்கியது. அதனை நடத்தியவர் மைல்ஸ் ஹார்ட்டன். மான்ட்கமரி நகரப் பேருந்துப் புறக்கணிப்புக்கு வித்திட்ட ரோசா பார்க்ஸ் அம்மையார், 1955 கோடையில் அங்கு நடந்த பயிற்சியில் கலந்துகொண்டவர். வேலை இழந்த கிளார்க் அம்மையாரை அப்பள்ளி தன் பயிற்சி முகாம்களின் இயக்குநராக அமர்த்திக்கொண்டது.

ஜான்ஸ் தீவினரான ஏசா ஜென்கின்ஸ் என்பவர், தீவு மக்களை நகருக்கு வேலைக்கு ஏற்றிச்செல்லும் பேருந்தை ஓட்டிவந்தார். வாக்காளராகப் பதிவதற்குரிய சட்டப் பிரிவுகளைப் பயணத்தின்போதே அவர் தம் பயணிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பயணிகள் மனப்பாடம் செய்தனர். ஆனால் எழுதத் தெரியவில்லை. தீவுக்கு ஒரு பள்ளி வேண்டும் என ஜென்கின்ஸ் ஹைலாண்டரில் எடுத்துரைத்தார். அப்பள்ளி வட்டியில்லாமல் கொடுத்த கடனைக் கொண்டு, தீவு மக்கள் பழைய கட்டடம் ஒன்றை வாங்கினர். முன்பகுதியில் கூட்டுறவுக் கடை, பின்பகுதியில் வகுப்பறை. கடையைக் காணும் வெள்ளையர்க்கு உள்ளே பள்ளி நடப்பது தெரியலாகாது என்பதே இந்த அமைப்பின் நோக்கம்.

இப்பள்ளிக்கு யாரை ஆசிரியராக்குவது? இங்கேதான் ஹார்ட்டனும் கிளார்க் அம்மையாரும் தொலைநோக்குடன் முடிவு செய்தனர். தேர்ச்சி பெற்ற பள்ளி ஆசிரியர்கள், பெரியவர்களையும் சிறுவரைப் போல் நடத்திவிடுவர் என அவர்கள் அஞ்சினர். அரசு வேலையிலுள்ளோர்க்கு வேலை இழக்கும் அச்சமும் இருந்தது. ஆகவே ஒப்பனைக் கலையும் தையலும் தொழிலாகக் கொண்டிருந்த பெர்னிஸ் ராபின்சன் அம்மையாரைத் தேர்ந்தனர். அவர் கிளார்க் அம்மையாரின் உறவினர். சொந்தத் தொழில் செய்தமையால் எந்த வெள்ளையரும் அவரை வேலைநீக்கம் செய்ய இயலாது.

1957 ஜனவரியில் முதல் வகுப்பு கூடியது. வந்தவர் 14 பேர். தொடக்கப் பள்ளிப் பாடநூல்களைக் கொண்டுசென்றிருந்த ராபின்சன் அம்மையார், அவை பெரியோர்க்குப் பொருந்தா எனக் கண்டு ஒதுக்கினார். தாம் ஆசிரியரல்லர், எல்லோரும் சேர்ந்தே கற்போம் என்று கூறி, அவர்கள் எதைக் கற்க விரும்புகின்றனர் எனக் கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும், வெளியூரிலுள்ள பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத வேண்டும், பணவிடைப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றெல்லாம் அவர்கள் கூறினர். அவர்கள் கூறியவையே பாடத்திட்டமாயின. ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் ஒட்டி, வகுப்பு முடியும்போது இதனை ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்றார். உழவு வேலை ஓய்ந்த குளிர்கால மாதங்களில், வாரம் இரண்டு இரவுகள், நாளுக்கு இரண்டு மணி நேரம் வகுப்பு நடந்தது. கற்றவர்கள் வாக்காளர் பட்டியலில் தம் பெயரைப் பதிந்துகொண்டனர். அண்டைத் தீவுகளான வாட்மலா, எடிஸ்டோ ஆகியவற்றின் மக்களும் பள்ளி கேட்டனர்.

ஐந்து நாட்களில் ஆசிரியர்

பள்ளிகள் பெருகவே ஆசிரியரும் பெருக வேண்டியிருந்தது. கிளார்க் அம்மையார் ஹைலாண்டரில் ஆசிரியப் பயிற்சி முகாம்களைத் தொடங்கினார். 1961-இல் இப்பணி மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான தென்னகக் கிறித்தவத் தலைமை மாநாட்டின் பொறுப்பில் வந்தது. ஜார்ஜியா மாநிலத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளுக்கென முன்னர் நடத்தப்பட்ட டார்செஸ்டர் பள்ளி வளாகம் பயிற்சிக் களமாயிற்று. கிளார்க் அம்மையாருடன் டாரதி காட்டன் அம்மையாரும் ஆண்ட்ரூ யங்கும் முகாம்களை நடத்தினர். பிற்காலத்தில் யங் ஐக்கிய நாடுகள் அவையில் அமெரிக்கத் தூதராக விளங்கினார்.

பயிற்சிக்கு வந்தோர் பட்டதாரிகளல்லர். உழவர், கூலி வேலை செய்வோர், சமையல் வேலை செய்வோர், முடி ஒப்பனை செய்வோர், ஓய்வுபெற்றோர் எனப் பலதரத்தினர். உரக்கப் படிக்கத் தெரிய வேண்டும். கரும்பலகையில் தெளிவாக எழுதத் தெரிய வேண்டும். தம் ஊர் மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருக்க வேண்டும். அம்மையார் வேண்டிய தகுதிகள் இவையே.

முகாம் ஐந்து நாள் நடைபெறும். ஆசிரியராகப் போகின்றவர் முதலில் தாமே மாணவராக அமர்ந்து, தாம் கற்பிக்கப் போவதைத் தாமே செய்துபார்த்தல் இப்பயிற்சியின் உயிர்நாடி. பேனா பிடித்தறியாத முதியவருக்குக் கையெழுத்துப் பழக்குவதற்கு, அவருடைய பெயரை அட்டையில் பெரிதாக எழுதி, அவ்வடிவின்மேல் மீண்டும் மீண்டும் கையை ஓட்டச் செய்வர். கை பழகிய பின் தாளில் எழுதுவர். வாக்காளர் விண்ணப்பத்தை நிரப்புதல், அரசு அலுவலர்க்குக் கடிதம் வரைதல், காசோலை எழுதுதல், விதை, உரம் ஆகியவற்றின் கணக்கைப் போடுதல் ஆகியவை பாடங்கள். ஒவ்வொரு மாநிலத்தின் தேர்தல் சட்டமும் வேறுவேறாக இருந்தமையால், அந்தந்த மாநிலத்துக்கு ஏற்ற கையேடுகள் ஆயத்தம் செய்யப்பட்டன.

குடிமகன் என்றால் யார் என்னும் வினாவைக் காட்டன் அம்மையார் முகாமில் எழுப்புவார். வந்தோர் தத்தம் அனுபவத்தைக் கூறுவர். கூறியவை பலகையில் ஏறும். அவற்றிலிருந்து சொற்களும் தொடர்களும் பிறக்கும். மிசிசிப்பியில் சட்டப் பிரிவுக்குப் பொருள் விளக்கி எழுத வேண்டிய கட்டாயம் இருந்ததை முன்னரே கூறினோம். படியெடுக்க மட்டும் பழகிய மாணவர் அத்தேர்வில் என்ன எழுதுவார்? தாமே சிந்தித்துத் தம் சொல்லில் எழுதப் பழகியவருக்கே அங்கே வழி இருந்தது. அவ்வாறு பழக்க வேண்டுமாயின் ஆசிரியரும் அவ்வாறே எழுதிப் பழகியிருக்க வேண்டும்.

கொடுத்த விலை

இப்பணி அமைதியாக நடந்தேறியது என எண்ணுதல் தவறு. 1959 ஜூலை 31-ஆம் நாள் இரவு காவல்துறையினர் ஹைலாண்டரில் புகுந்து, கிளார்க் அம்மையாரை மதுக் குற்றம் சாட்டிக் கைது செய்தனர். அக்குற்றச்சாட்டு பின்னர் நிலைக்கவில்லை. 1961-இல் டென்னசி அரசு அப்பள்ளியின் உரிமத்தைப் பறித்து, உடைமைகளையும் எடுத்துக்கொண்டது.

மிசிசிப்பியின் பருத்திப் பண்ணையில் கூலியாக உழைத்த ஃபேனி லூ ஹேமர் அம்மையார், 1962 ஆகஸ்டில் வாக்காளராகப் பதியச் சென்ற அன்றே பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1963 ஜூனில் அவரும் தோழர்களும் சார்ல்ஸ்டனில் நடந்த குடியுரிமைப் பயிற்சியில் கலந்துகொண்டு ஊர் திரும்பும் வழியில், வினோனா என்னும் ஊரில் கைது செய்யப்பட்டுச் சிறையில் கொடுமையாக அடிக்கப்பட்டனர். ஹேமர் அம்மையாரின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. எழுதக் கற்பிக்கும் பயிற்சிக்குச் சென்று வந்தவர்கள் மீது இத்துணைச் சினம் ஏன்? அங்கே உருவாகிக்கொண்டிருந்தது எத்தகைய ஆற்றல் என்பதை அடித்தவர்களும் அறிந்திருந்தனர் என்பதே விடை.

இயக்கத்தினுள்ளும் இப்பணிக்கு உரிய மதிப்புக் கிட்டவில்லை என்பதைக் கிளார்க் அம்மையார் வெளிப்படையாகவே எழுதியுள்ளார். ஊர்வலங்களும் மேடைகளும் எல்லோர் கண்ணிலும் பட்டன. சிற்றூர் மாதாக்கோயிலின் அறையில் முதியவர் ஒருவருக்குக் கைபிடித்து எழுதப் பழக்குவது செய்தித்தாளில் இடம்பெறவில்லை. பெண்கள் கூறும் கருத்துக்கு ஆண் தலைவர்கள் செவிசாய்க்கவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. நம் சங்கங்களை நடத்துவோரும் இதனைக் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.

விளைந்த பயன்

1957 முதல் 1970 வரை 897 குடியுரிமைப் பள்ளிகள் நடந்தன எனவும், பயிற்சி பெற்ற ஆசிரியர் ஏறத்தாழ 10,000 பேர் எனவும் கணக்கிட்டுள்ளனர். 1965 ஆகஸ்டு 6-ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. தென் மாநிலங்களின் எழுத்தறிவுத் தேர்வுகள் அச்சட்டத்தால் நிறுத்தப்பட்டன. சட்டம் வந்தபோது அதனைப் பயன்படுத்திக்கொள்ள ஊர்தோறும் ஆயத்தமான மக்கள் இருந்தனர். ஓய்வூதியத்தை இழந்த கிளார்க் அம்மையார் 1970-களில் அதனைத் திரும்பப் பெற்றார். தம்மை வெளியேற்றிய ஊரின் கல்விக் குழுவுக்கே மக்கள் வாக்கால் உறுப்பினரானார். 1987 டிசம்பர் 15-ஆம் நாள் மறைந்தார்.

1974-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிரே என்பவர் பள்ளி ஆசிரியர்களைக் கோடை விடுமுறையில் ஒன்றுகூட்டி, எழுதக் கற்பிக்கும் முறை பற்றிய பயிற்சியைத் தொடங்கினார். எழுதக் கற்பிப்பவர் தாமும் எழுத வேண்டும்; ஆசிரியருக்குச் சிறந்த பயிற்சியாளர் ஆசிரியரே என்பன அதன் கொள்கைகள். அம்முயற்சி பின்னர் நாடு தழுவிய திட்டமாக வளர்ந்தது. பல்கலைக்கழகம் இக்கொள்கைகளை வகுப்பதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே, கடையின் பின்னறையில் ஓர் ஒப்பனைத் தொழிலாளி, எல்லோரும் சேர்ந்து கற்போம் என்று கூறிப் பாடம் தொடங்கியிருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

நமக்குரிய பாடம்

நம் பிள்ளைகள் இன்று பள்ளிக்குச் செல்கின்றனர். எழுத்தறியாமை பெரிதும் குறைந்துள்ளது. ஆயினும் உரைநூலிலுள்ள கட்டுரையைப் பார்த்து எழுதி மதிப்பெண் பெற்ற மாணவன், தன் ஊருக்குக் குடிநீர் வேண்டி ஒரு மனு எழுத வேண்டுமென்றால் பிறரை நாடுகின்றான். இது அவன் குறையன்று. எழுதக் கற்பிக்கும் முறையின் குறை.

இக்குறையால் விளையும் கேடு சிறிதன்று. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 2015-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாதிக்கப்பட்டவர் வாய்மொழியாகக் கூறும் புகாரைக் காவல் நிலைய அதிகாரி எழுத்தில் பதிந்து, கையொப்பம் பெறுமுன் அதனைப் படித்துக்காட்ட வேண்டும். நல்ல விதிதான். எனினும் நிகழ்ந்ததை நாள், நேரம், இடம், சொல்லிய சொல் தவறாது தாமே எழுதிக் கொடுக்க வல்லவர் ஒருவர் ஊருக்கு ஒருவராவது இருப்பாராயின், அந்த வழக்கின் அடிப்படையே வலுப்பெறும் அன்றோ? கைநாட்டு வைத்த நம் முன்னோர் தம் நிலத்தையும் கூலியையும் இழந்த கதைகள் நம் குடும்பங்களில் இல்லாமல் இல்லை.

ஆகவே நம் மாலை வகுப்புகளில் கற்பிக்கும் இளைஞர்களுக்கு நாம் கூறுவது இதுவே. ஆண்டுக்கு ஒருமுறையேனும் நீங்கள் ஒன்றுகூடிப் பயிற்சி முகாம் நடத்துங்கள். மாணவருக்குக் கொடுக்கவிருக்கும் தலைப்பில் முதலில் நீங்கள் எழுதுங்கள். எழுதியதை ஒருவர்க்கொருவர் படித்துக் காட்டுங்கள். எங்கே தடுமாறினீர்களோ அங்கேதான் மாணவனும் தடுமாறுவான் என்பதை அறிந்துகொள்வீர்கள். மாணவனிடம், தாய்மாரிடம், கூலி வேலை செய்யும் பெரியோரிடம் அவர்கள் எதை எழுத விரும்புகின்றனர் எனக் கேளுங்கள், அதனையே பாடமாக்குங்கள். சிவப்பு மையால் பிழைகளைச் சுற்றுமுன், அவர்கள் சொல்ல வந்த செய்தியைக் காதுகொடுத்துக் கேளுங்கள். பட்டம் இல்லையே எனத் தயங்கும் சகோதரியரையும் ஆசிரியராக அழைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு கூடம், ஒரு கரும்பலகை, சில நாட்கள், தம் மக்கள் மீது நம்பிக்கை கொண்ட சிலர் இருந்தால் போதும். சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் முதல் பணியாக இம்முகாமை மேற்கொள்ள உறுப்பினர் அனைவரும் இவ்விழாவில் உறுதி ஏற்போமாக.